ஆறு வாரத்திற்கு ஒரு மாற்றாள்: பார்த்துக்கொள்கிறவரே படுத்துவிட்டால் என்ன செய்வது?

கடற்பாசி (மண்டபம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடையே உள்ள ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு வயது 74. நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. "ம்" என்ற ஓர் ஒலியையும் "தா" என்ற ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டே பசி, வலி, கோபம் எல்லாவற்றையும் சொல்லுவார். எது எதற்கென்று பிரித்தறிய நான் ஒருத்திதான் பழகியிருக்கிறேன். அதற்கு முன்பு நான் பாசி எடுக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவள். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை இருக்கும், கையில் சொந்தக் காசு இருக்கும். அது போனதைப் பற்றி முறையிட நான் இங்கே வரவில்லை.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. இரத்தப்போக்கு நிற்காததால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி மருத்துவமனையில் தேதியும் கொடுத்தார்கள். அந்தத் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். அறுவைக்குப் பின் ஆறு வாரம் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் மாமியார் 52 கிலோ. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

கணவர் விசைப்படகில் வேலை செய்கிறார். மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தூத்துக்குடியில் இருக்கும் நாத்தனார் வர விரும்புகிறார், ஆனால் அங்கே அவருடைய மாமனாரும் படுக்கையில் இருக்கிறார். இரண்டு முதியோர் இல்லங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில், சேர்த்தால் சேர்த்ததுதான், ஆறு வாரத்திற்கென்று எடுப்பதில்லை என்றார்கள். மற்றொன்றில், தானாக எழுந்து கழிவறைக்குப் போகிறவராக இருந்தால் மட்டுமே எடுப்போம் என்றார்கள். தானாக எழுந்து போகிறவரை நான் ஏன் கொண்டுபோய் விடப்போகிறேன்? ஆறு வாரம் மட்டும் வைத்திருந்து திருப்பி அனுப்பும் இடமோ, வீட்டிற்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடோ நம் மாவட்டத்தில் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வாசிரியர் (தொண்டி)

சகோதரிக்கு வணக்கம். முதலில் அறுவையை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'ரெஸ்பைட் கேர்' என்று தனிப் பெயரே உண்டு. தமிழில் அதை இடைக்கால மாற்றுப் பராமரிப்பு என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் மாற்றாள் என்றால் எல்லோருக்கும் புரியும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'சமர்த்' என்ற பெயரில், குறுகிய காலத்திற்குத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கான திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்பத்தினருக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதைப் பற்றி விசாரியுங்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணிலும் கேட்டுப் பார்க்கலாம்.


பனங்காட்டான் (சாயல்குடி)

என் கருத்து பலருக்குக் கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். என் தந்தையும் மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில்தான் இருக்கிறார். வெளியாள் ஒருவர் கை படாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம். பெற்றவரை ஆறு வாரம் என்று கொண்டுபோய் விடுகிறவர்கள் ஏழாவது வாரம் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதற்கு என்ன உறுதி இருக்கிறது? முதியோர் இல்லத்து வாசலில் முதல் நாள் எல்லோரும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்லுகிறார்கள். மேலும் பெற்றோரைக் கைவிடுவது இப்போது சட்டப்படி குற்றம். சகோதரியைக் குறித்து இதைச் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் பெருகினால் நாளை யாரும் வீட்டில் பார்க்கமாட்டார்கள்.


வெள்ளுடுப்பு (செவிலியர், ராமநாதபுரம்)

மூன்று செய்திகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் ஐயா சொன்ன திட்டம் உண்மையில் இருப்பதுதான், ஆனால் அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. அவர்களுக்காக 'நிரமயா' என்ற மருத்துவக் காப்பீடும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. இந்த இழையைப் படிக்கும் யார் வீட்டிலாவது அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கேட்டுப் பெறுங்கள். 74 வயதில் பக்கவாதம் வந்த ஒருவர் அந்த வாசல் வழியாக உள்ளே போக முடியாது. அவருக்கு வேறு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. கை கால் இயக்கக் குறைபாட்டிற்கான சான்றும் தனி அடையாள அட்டையும் பெற்றால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்ற ஒன்றையும் குறிப்பிடுகிறது. தங்கள் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற சொற்களோடு அரசுகளிடம் அது விடப்பட்டிருக்கிறது.

அடுத்து, பனங்காட்டான் அண்ணன் குறிப்பிட்ட குற்றம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மூத்த குடிமகனை முழுவதுமாகக் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுவிடுவதைத்தான் தண்டிக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் ஒப்படைத்துவிட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு வருகிறவரை எந்த வகையிலும் அது தொடாது.

மூன்றாவது, வீட்டிற்கு வரும் சேவை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கியது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது மட்டுமே அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும், வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கான செவிலியரும் அதே திட்டத்தில் வீட்டிற்கு வருவார்கள். உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம், படுக்கையில் ஒருவர் இருக்கிறார், செவிலியர் வர வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. செவிலியர் வருவார், புண்ணைப் பார்ப்பார், குழாயை மாற்றுவார், அரை மணி நேரத்தில் அடுத்த வீட்டிற்குப் போய்விடுவார். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க எந்தத் திட்டத்திலும் ஆள் இல்லை.


கீழக்கரைப் பெண்

கடற்பாசி லாத்தா, பணம் இருந்தால் இது தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பணம் இருந்தது, ஆள்தான் இல்லை.

என் வாப்பாவுக்கு மறதிநோய். கொழும்பில் கடை வைத்திருந்தவர். மாலை மங்கத் தொடங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு, கடையைத் திறக்க நேரமாகிவிட்டது, கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்டுவார். பகலில் அமைதியாக இருந்துவிட்டுப் பொழுது சாயும்போது நிலைகொள்ளாமல் போவது இந்த நோயில் பலருக்கும் உண்டு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். என் கணவரும் என் காக்காமார் (அண்ணன்கள்) இருவரும் வளைகுடாவில் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து ஒரு நிறுவனத்தின் மூலம் நாளுக்கு 900 ரூபாய் பேசி ஆள் வைத்தோம். மூன்று வாரத்தில் நான்கு பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் வாப்பாவை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் இரவில் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார், வாப்பா முடுக்கைத் தாண்டிக் கடற்கரை வரை போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஆளைக் கண்காணிப்பதற்காக நான் விழித்திருந்தேன். அப்படிக் கிடைத்ததற்கு ஓய்வு என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளிக்கு என்ன தேவை என்று பார்ப்பது போலவே, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன தேவை என்றும் உள்ளாட்சி அமைப்பு தனியாக மதிப்பிட வேண்டுமாம். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகக்கூட இல்லை, வியப்பாகத்தான் இருந்தது. மூன்று ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்திருக்கிறோம். நீ தூங்கினாயா என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.


வெள்ளுடுப்பு

அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தாள்கூட இருக்கிறது. ஸரிட் என்பவர் பெயரால் வழங்கும் 22 கேள்விகள் கொண்ட படிவம், பார்த்துக்கொள்கிறவரின் சுமையை அளப்பதற்கென்றே உருவானது. இவரைப் பார்த்துக்கொள்வதால் உங்கள் உடல்நலம் கெட்டுவிட்டதாக உணர்கிறீர்களா என்பது அதில் ஒன்று. பயிற்சியில் படித்தேன். புறநோயாளிப் பிரிவில் ஒரு நாள்கூட யாரிடமும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், வரிசை அப்படி.


ஏர்வாடிச்சாலை

பனங்காட்டான் அண்ணனுக்கு ஒரு பதில்.

மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடிக்கு அருகில் பிறந்து வளர்ந்தவன் நான். 2001 ஆகஸ்டு 6 அன்று விடியும் முன் அங்கிருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீயில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது, கொட்டகைகள் மூடப்பட்டன. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக்கூடாது என்கிறது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

நான் சொல்ல வந்தது அங்கே கொண்டுவந்து விட்டவர்களைப் பற்றி. அவர்களைப் பெற்ற மனம் இல்லாதவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. என் பாட்டி தர்கா வாசலுக்கு அருகில் தேநீர்க் கடை வைத்திருந்தார், வந்தவர்கள் பலரோடு பேசியிருக்கிறார். ஒரு வாரம் தூங்கிவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன தாய்மார்களைப் பற்றிச் சொல்லுவார். சிலர் வந்தார்கள். வராதவர்களில் பலரும் அந்த ஒரு வாரத்தில் முதன்முறையாக உறங்கி எழுந்து, திரும்பிப் போனால் இனி எந்நாளும் உறக்கம் இல்லை என்று உணர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஒரு வாரம் பார்த்துக்கொண்டு திருப்பித் தரவும், மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் எடுத்துக்கொள்ளவும் ஒரு நல்ல இடம் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்! கொஞ்ச காலத்திற்கு விடும் வழியே இல்லாத ஊரில்தான், விட்டால் முழுவதுமாக விடுகிறார்கள். நீங்கள் அஞ்சுவது நியாயமானதுதான், ஆனால் எதிலிருந்து எது பிறக்கிறது என்பதை நீங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள்.

(இப்போது தர்காவில் மருந்தும் துஆ என்ற பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கின்றன, மருத்துவர்கள் அங்கேயே பார்க்கிறார்கள். மனநலம் பற்றிப் பேச 14416 என்ற எண்ணும் இருக்கிறது. பார்த்துக்கொள்கிறவர்களும் அதில் பேசலாம்.)


பனங்காட்டான்

தம்பி சொன்னதை இரண்டு முறை படித்தேன். என் முதல் பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன், மற்றதை அல்ல. எனக்கு இன்னும் இரண்டு தடைகள் தெரிகின்றன. அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்ளும்போது நோயாளிக்கு ஏதேனும் ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது? புரையேறி இறந்துபோனால், கஞ்சி ஊட்டியவள்தான் கொன்றாள் என்று ஊர் பேசாதா? இரண்டாவது, தாயின் உடையை மகன் மாற்றலாமா? எங்கள் பக்கம் அதை ஒருவரும் ஒப்பமாட்டார்கள். பெண்கள் வந்தால்தான் ஆகும், பெண்களுக்கோ அவரவர் வீட்டு வேலை இருக்கிறது.


வெள்ளுடுப்பு

முதல் தடை நியாயமானது. அதற்கு நான் வீடுகளில் செய்யச் சொல்லுவது இதுதான். மாற்றாள் வருவதற்குப் பத்து நாள் முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்ன மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் எத்தனை மணிக்குப் படுக்கவைத்தது, எது கொடுத்தால் புரையேறும், மூச்சுத் திணறினால் 108க்கு அழைப்பதா, இல்லையென்றால் வீட்டிலேயே அமைதியாக வைத்திருப்பதா என்பதை எல்லாம் எழுதி, மகனும் மகளும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இது நீதிமன்றத்திற்கான தாள் அல்ல. ஊர் பேசும்போது, நாங்கள் சொன்னபடிதான் செய்தார் என்று குடும்பம் சொல்வதற்கான தாள். ஊட்டும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்காரவைத்து, ஊட்டிய பின்பும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருந்தால் புரையேறும் அபாயம் பெருமளவு குறையும். தண்ணீராக ஊட்டுவதைவிடக் கெட்டியான கஞ்சி நல்லது. இவற்றை மாற்றாள் உங்கள் கண்முன் இரண்டு நாள் செய்து பார்த்த பிறகுதான் நீங்கள் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது தடைக்கு என்னிடம் மருத்துவப் பதில் இல்லை. புரட்டுவதும் தூக்குவதும் வேறு, கழுவுவதும் உடை மாற்றுவதும் வேறு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதல் வேலைக்குத்தான் உடல்வலிமை வேண்டும், இரவில் அடிக்கடி தேவைப்படுவதும் அதுதான். அதை மகன் செய்யலாம்.


கடற்பாசி

இத்தனை பேர் எழுதியிருப்பதை இன்று பகலில்தான் படிக்க முடிந்தது. நன்றி.

வெள்ளுடுப்பு அக்கா சொன்னபடி வேலையைப் பிரிப்பதென்றால் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, என் கணவர் கரையில்தான் இருப்பார். படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் சில நாட்கள் தவிர இரவில் வீட்டில் இருப்பார். அறுவையை அந்த நாட்களில் வைத்துக்கொண்டால் தூக்கிப் புரட்டும் வேலை அவருடையது. கழுவிவிடப் பகலில் ஒரு பெண் வேண்டும். என்னோடு பாசிக்கு வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். கடலுக்குப் போகாத நாட்களில் அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. தடைக்காலத்தில் வருமானம் இல்லை, வருகிற நிவாரணம் மளிகைக் கடைக்கே போய்விடும். அவர்களுக்கு என்னால் கூலி கொடுக்க முடியாது.


ஓய்வாசிரியர் (தொண்டி)

சகோதரி, கூலி வேண்டாம், மொய்யாக எழுதுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்யாணத்திற்கும் காதுகுத்துக்கும் நோட்டுப் போட்டு, யார் எவ்வளவு செய்தார் என்று எழுதிவைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். எழுதிவைப்பதை யாரும் இழிவாக நினைப்பதில்லை, எழுதாமல் விட்டால்தான் கோபம் வருகிறது. பணத்திற்குச் செய்வதை நாளுக்குச் செய்தால் என்ன? ஒருவர் வந்து அரை நாள் உங்கள் மாமியாரோடு இருந்தால் அரை நாள் என்று எழுதுங்கள். அவர் வீட்டில் பிரசவமோ காய்ச்சலோ மதுரைக்குப் பயணமோ வரும்போது நீங்கள் அந்த அரை நாளைத் திருப்பிச் செய்யுங்கள். கேட்க வாய் வராததற்குக் காரணம், கேட்பது இரவலாகத் தோன்றுவதுதான். கணக்கில் ஏறிவிட்டால் அது இரவல் அல்ல.


கீழக்கரைப் பெண்

ஐயாவின் யோசனை அழகாக இருக்கிறது. ஆனாலும் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொய் யாருக்கு நிறைய வருகிறது? யாருக்குச் சொந்தபந்தம் நிறைய இருக்கிறதோ, யார் நிறையச் செய்திருக்கிறாரோ அவருக்கு. நான்கு ஆண்டு வீட்டைவிட்டு வெளியே வராமல் நோயாளியைப் பார்த்தவள் யார் வீட்டிற்கும் போய் எதுவும் செய்திருக்கமாட்டாள், அவள் நோட்டு வெறுமையாகத்தான் இருக்கும். மாற்றாள் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே இந்தக் கணக்கில் வரவு இருக்காது. கடற்பாசி லாத்தாவுக்குப் பாசித் தோழிகள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் அப்படி இல்லை. இன்னொன்று, அந்த நோட்டில் ஏறப்போவது எல்லாமே பெண்களின் நாட்கள்தான்.


நடைமேடை (மலப்புறத்தில் வேலை, சொந்த ஊர் திருப்பாலைக்குடி)

கட்டட வேலைக்காகப் பதினோரு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை அமைப்பு ஒன்று தொடங்கி, பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கக் குழுக்களாகப் பரவியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுக்க முடியுமா என்பதுதான் தன்னார்வலரிடம் அவர்கள் கேட்கும் கேள்வி. நானே போயிருக்கிறேன். மொழி சரியாகத் தெரியாததால் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு தாத்தாவுக்குச் சவரம் செய்துவிட்டு அவர் மனைவி கடைத்தெருவுக்குப் போய்வரும் வரை அருகில் இருப்பது. 2008இல் மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது, பஞ்சாயத்து மூலமும் செவிலியர் வீட்டிற்கு வருகிறார். படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்க்கிறவருக்கு 'ஆசுவாசகிரணம்' என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தொகை சிறியது. தாமதமாக வருகிறது என்று இங்கே எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் பார்க்கிறவரின் பெயரில் வருகிறது.

கீழக்கரைச் சகோதரியின் மறுப்புக்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன். இங்கே கடன் யாரும் எழுதுவதில்லை. சொந்தம் இல்லாத வீட்டிற்குத்தான் முதலில் போகிறார்கள். நம் கரையில் ஜமாஅத் இருக்கிறது, தேவாலயப் பங்கு இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் என்று ஒருவரும் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.


ஓய்வாசிரியர் (தொண்டி)

நல்லது. ஆனால் கோழிக்கோட்டில் முதலில் தொடங்கியது மருத்துவர்கள், அவர்களுக்குப் பின்னால் மருந்தும் வண்டியும் இருந்தன. ஏப்ரல் மாதத்திற்குள் அதை இங்கே கொண்டுவர முடியாது. ஆகவே இந்த ஒரு வீட்டிற்கு மொய் நோட்டு, ஊருக்கு உங்கள் முறை என்று வைத்துக்கொள்வோம். கீழக்கரைச் சகோதரியின் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.


நெறியாளர்

இடையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்று தனிப்பட்ட தொலைபேசி எண், மற்றொன்று ஒரு காப்பகத்தின் விளம்பரம். பொருளை ஒட்டியே தொடருங்கள்.


கடற்பாசி

(ஜூன் கடைசி வாரம்)

கேட்டுவிட்டு மறைந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். அறுவை ஏப்ரல் கடைசியில் நடந்தது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தேன். இப்போது நலமாக இருக்கிறேன்.

நடந்ததைச் சொல்லுகிறேன். பாசித் தோழிகளில் நான்கு பேரும் பக்கத்து வீட்டு அக்காவும் அரை அரை நாளாக வந்தார்கள். முதல் இரண்டு நாள் என் மாமியார் யார் கையாலும் சாப்பிடவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டார். மூன்றாம் நாள், அவருடைய பழைய நசுங்கிய தட்டில் போட்டுக் கொடுத்தபோது சாப்பிட்டாராம். எந்தத் தட்டு என்பதை நோட்டில் நான் எழுதாமல் விட்டிருந்தேன், அது முக்கியம் என்று எனக்கே தெரியாது. உப்புத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, நல்ல தண்ணீர் வரும் நாளில்தான் விரிப்புகளை அலச வேண்டும் என்பதையும் எழுதவில்லை, ஆனால் அது அவர்களுக்கே தெரியும்.

நான்காம் இரவு என் கணவர் அயர்ந்து தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருந்தது. மக்களைத் தேடி மருத்துவச் செவிலியர் மறுநாள் வந்து பார்த்து, புண்ணாகவில்லை, இனி அந்தப் பக்கம் அழுத்தம் படாமல் பாருங்கள் என்று சொல்லிப் போனார். அதன் பிறகு கைப்பேசியில் இரண்டு மணிக்கொரு மணியடிப்பு வைத்தோம். அவர் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை, ஆனால் மே இறுதியில் ஒரு காலை என்னிடம் வந்து, நீ இதை நான்கு வருடம் செய்தாயா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம் அவர் படகு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நான்கு இரவுகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. நானே புரட்டினேன். மருத்துவரிடம் திட்டு வாங்கினேன். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

நோட்டில் இப்போது நான் 31 அரை நாள் கடன்பட்டிருக்கிறேன். அதில் இரண்டை நேற்று அடைத்தேன். தோழி ஒருத்தி மகனின் கண் சிகிச்சைக்காக மதுரை போனபோது, என்னால் தூக்க முடியாது என்பதால் அவள் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் இங்கே மாமியாரோடு இருந்தவர் பக்கத்து வீட்டு அக்கா, ஆகவே அவருக்கு மறுபடி இரண்டு ஏறியது. கணக்கு எப்போது தீரும் என்று தெரியவில்லை.


பனங்காட்டான்

31 அரை நாளில் ஆண்கள் வந்தது எத்தனை?


கடற்பாசி

ஒன்றும் இல்லை, அண்ணன். இரவுகள் கணவருடையவை. அவற்றை நான் நோட்டில் எழுதவில்லை, அவருடைய தாய் அல்லவா?


கீழக்கரைப் பெண்

லாத்தா, அந்த நோட்டில் மாமியாரைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் இங்கே எடுத்துப் போட முடியுமா? வாப்பாவுக்காக நானும் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன், எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. இன்னும் ஆள் கிடைக்கவில்லை. எழுதிவைத்துவிட்டாவது தேடலாம் என்று நினைக்கிறேன்.


கடற்பாசி

நோட்டு பக்கத்து வீட்டில் இருக்கிறது. நினைவில் உள்ளதை எழுதுகிறேன்.

நீளமாக "ம்" என்றால் மறுபக்கம் திருப்ப வேண்டும். அடுத்தடுத்து இரண்டு "ம்" என்றால் தண்ணீர், ஆனால் சங்கில்தான் கொடுக்க வேண்டும், டம்ளரில் கொடுத்தால் புரையேறும். வாசலைப் பார்த்து "தா" என்றால் மகன் வந்துவிட்டானா என்று கேட்கிறார். வரவில்லை என்றால், வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்ல வேண்டும். கையைப் பார்த்து "தா" என்றால் ஜெபமாலை. காலையில் அழுதால் வலியாக இருக்கலாம், மாலையில் அழுதால் தாத்தாவை நினைக்கிறார், ஒன்றும் செய்ய வேண்டாம், அருகில் இருந்தால் போதும்.

கூரையைப் பார்த்துக்கொண்டு "தா, தா" என்று சில நேரம் சொல்லுவார். அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை, கவலைப்பட வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்த வரியை அடித்துவிட்டு அக்கா தன் கையால் எழுதியிருந்தார்: மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுகிறார்.